தங்கமீன் வந்த வழியும் வாழும் வழியும்



ராயபுரம் என்று சொன்னவுடனே உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பக்கத்திலே காசிமேடு. விடியற்காலையில் படகுகள் கரை சேர்ந்து, வஞ்சிரம், சங்கரா, காரப்பொடி என்று கூடை கூடையாக மீன் ஏலம் போகிற இடம். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மீன் என்றால் அது கடல் மீன்தான், குழம்புக்கு ஆகிற மீன்தான். ஆனால் அங்கிருந்து மேற்கே சில கிலோமீட்டர் போனால் கொளத்தூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரிலும் மீன்தான் பிழைப்பு. ஆனால் அது சட்டிக்குப் போகிற மீன் இல்லை, கண்ணுக்கு விருந்தாகிற வண்ணமீன். இந்தியாவிலேயே பெரிய வண்ணமீன் சந்தைகளில் ஒன்று இன்று அங்கே நடக்கிறது. கொளத்தூர், கதிர்வேடு, புழல், செங்குன்றம், பொன்னேரி வரைக்கும் எத்தனையோ குடும்பங்கள் வீட்டுக் கொல்லையில் தொட்டி கட்டி இதைத் தொழிலாகச் செய்கின்றன.

இந்த வண்ணமீன்களில் எல்லாருக்கும் தெரிந்தது தங்கமீன். அதன் சரித்திரத்தைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். “சரித்திரம் எதுக்குங்க? எப்படி வளர்க்கிறதுன்னு சொன்னாப் போதாதா?” என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பிராணி எங்கிருந்து வந்தது, யார் கையில் வளர்ந்தது என்று தெரிந்துவிட்டால், அதற்கு என்ன வேணும் என்பது தானாகவே விளங்கிவிடும். தங்கமீன் குளத்தில் பிறந்த பிள்ளை. அதை மறந்தவர்கள் கையில் அது செத்தது. அதை ஞாபகம் வைத்தவர்கள் வீட்டில் பத்து வருஷம், இருபது வருஷம்கூட வாழ்ந்தது. அவ்வளவுதான் விஷயம்.

விதைக்கதிர் பொறுக்கிய கதை

தங்கமீன் வேறு யாருமில்லை, நம்ம கெண்டைக்கு உறவுக்காரன். இதன் மூதாதை சீன தேசத்தின் ஆற்றிலும் வயலிலும் இருந்த ஒரு சாதாரண மீன். சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். ஜனங்கள் பிடித்துச் சாப்பிட்ட மீன். அந்தக் கூட்டத்தில் எப்போதாவது ஒன்று செம்மஞ்சளாகப் பிறக்கும். சீனாவில் சின் வம்ச காலத்திலேயே, அதாவது 1,600 வருஷத்துக்கும் முன்னாலேயே, செந்நிறச் செதில் மீனைப் பற்றிக் குறிப்பு இருக்கிறது.

ஆற்றில் அப்படிப் பிறந்த மீன் தப்பிக்குமா? தப்பிக்காது. பளிச்சென்று தெரிவதால் கொக்கும் மீன்கொத்தியும் முதலில் அதைத்தான் கொத்தும். அதனால் நிறம் பெருகவில்லை. ஆனால் பௌத்த மடங்களில், பிடிபட்ட உயிர்களை விட்டுக் காப்பாற்றுவதற்கென்றே குளங்கள் இருந்தன. நம்ம கோவில் குளத்தில் பொரி போடுகிறோம், அங்கே யாரும் தூண்டில் போடுவதில்லை, இல்லீங்களா? அந்த மாதிரி. அங்கே விடப்பட்ட செம்மீன்கள் பிழைத்தன, குட்டி போட்ட குடும்பம்போலப் பெருகின. 12-ஆம் நூற்றாண்டில் சோங் வம்ச அரசர்கள் ஹாங்சௌ நகரத்து அரண்மனையில் இதற்கென்றே குளம் வெட்டினார்கள். அழகானதை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்தார்கள். நம்ம பாட்டன் பூட்டன் களத்துமேட்டில் நின்று, நல்ல கதிராகப் பொறுக்கி விதைக்கு எடுத்து வைத்தானே, அதே வேலைதான்.

இதிலிருந்து இரண்டு பாடம். முதலாவது, தங்கமீனுக்கு ஒளிந்துகொள்ளத் தெரியாது. நிறம் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். எனவே கொல்லைத் தொட்டிக்கு மேலே வலை கட்டாயம் வேணும். காக்காய், மீன்கொத்தி, பூனை மூன்றும் காத்துக்கொண்டு இருக்கும். இரண்டாவது, குஞ்சுகள் எல்லாமே ஆரம்பத்தில் மங்கலான நிறத்தில்தான் இருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் நிறம் மாறத் தொடங்கும். சிலதுக்கு மாறவே மாறாது. அதைக் கண்டு ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். கழித்து எடுப்பதுதான் இந்தத் தொழிலின் உயிர். பொறுக்காமல் விட்டால் சில தலைமுறையில் பழைய பழுப்பு நிறத்துக்கே திரும்பிவிடும்.

குளத்திலிருந்து தொட்டிக்கு

பிறகு மிங் வம்ச காலம். அப்போதுதான் குளத்து மீனை மண் தாழியிலும் பீங்கான் தொட்டியிலும் எடுத்து வந்து முற்றத்தில் வைத்தார்கள். 1596-ஆம் வருஷம் சாங் சியாந்தே என்பவர் இந்தச் செம்மீன்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். தங்கமீனைப் பற்றி வந்த மிகப் பழைய புத்தகம் என்று அதைச் சொல்கிறார்கள்.

தொட்டிக்கு வந்ததும் ஒரு மாற்றம் நடந்தது. அங்கே ஓடித் தப்பிக்க வேண்டிய அவசியம் இல்லை. வேகமாக நீந்த முடியாத மீனும் பிழைத்தது. இரட்டை வால், பிதுங்கின கண், குண்டு உடம்பு, தலையில் கொண்டை என்று விதவிதமாகப் பிறந்ததை எல்லாம் காப்பாற்றி வளர்த்தார்கள். இன்று கடையில் ஒராண்டா, பிளாக் மூர், ரியூகின் என்று விற்கிறதெல்லாம் இந்தத் தொட்டி வம்சம்.

இங்கேதான் நம்மவர்கள் தவறுகிறார்கள். அழகாக இருக்கிறதே என்று ஒராண்டாவையும், அம்புபோலப் பாய்கிற காமெட்டையும் ஒரே தொட்டியில் விடுகிறார்கள். தீனி போட்டால் காமெட் முழுவதையும் தின்றுவிடும். குண்டு மீன் பட்டினி. வண்டி மாட்டையும் பந்தயக் காளையையும் ஒரே நுகத்தில் பூட்டுகிற மாதிரி ஆகிவிடும். வெளியில் இருக்கிற சின்னக் குளத்துக்குக் காமெட், ஷுபுன்கின், சாதாரண ஒற்றை வால் தங்கமீன், இவைதான் தோது. திடமாக இருக்கும், சுறுசுறுப்பாக ஓடியாடும். கொண்டை மீனும் குண்டு மீனும் வேண்டுமானால் தனித் தொட்டி.

ஜப்பான் குடியானவர் செய்த வேலை

அடுத்ததாகச் சொல்லப் போவது உங்களுக்கே ஆன கதை. ஜப்பான் தேசத்தில் நாரா மாகாணத்தில் யமாட்டோ கோரியாமா என்று ஓர் ஊர். 1724-ல் யானகிஸாவா என்கிற பிரபு வம்சம் அந்த ஊருக்கு மாறி வந்தபோது, தங்கமீன் வளர்ப்பும் கூடவே வந்தது. அப்போது அது பிரபுக்கள், போர்வீரர்கள் செய்த பொழுதுபோக்கு. 1868-க்குப் பிறகு அரசாங்கம் மாறிப் போர்வீரர்களுக்கு மானியம் நின்றது. பொழுதுபோக்கே பிழைப்பாயிற்று. அந்த ஊர்ச் சுற்றுவட்டாரத்தில் பாசனத்துக்கென்று வெட்டின குளங்கள் நிறைய. குடியானவர்கள் அந்தக் குளத்திலேயே தங்கமீன் விட்டு வளர்த்தார்கள். வயலுக்குத் தண்ணீரும் கிடைத்தது, கைக்குக் காசும் கிடைத்தது. இன்றைக்கும் அந்த ஊருக்குத் தங்கமீனால்தான் பெயர்.

பாருங்க, பெரிய யந்திரம் இல்லை, பெரிய முதல் இல்லை. இருக்கிற தண்ணீரை இரண்டு வேலைக்கு உபயோகப்படுத்தினார்கள். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வருகிறேன்.

கண்ணாடிக் குடுவை செய்த கெடுதல்

ஐரோப்பாவுக்குத் தங்கமீன் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் கப்பலேறிப் போயிற்று. ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி லின்னேயஸ் 1758-ல் அதற்குச் சாஸ்திரப் பெயர் வைத்தார். அங்கே சீமான்கள் வீட்டு மேஜையில் உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் வைத்து அழகு பார்த்தார்கள். மீன் சில நாளில் செத்துப் போகும், வேறு வாங்குவார்கள். தங்கமீனுக்கு ஆயுசு குறைவு என்ற பேச்சே அப்படித்தான் பரவியது.

உண்மையில் செத்தது ஆயுசு குறைவால் இல்லை. குடுவையின் கழுத்து குறுகல். காற்று தண்ணீரில் கரைவது மேற்பரப்பு வழியாகத்தான். மேற்பரப்பு சின்னதாக இருந்தால் பிராணவாயு போதாது. தண்ணீரும் கொஞ்சம், கழிவு சீக்கிரம் சேரும். இங்கிலாந்தில் ஒரு தங்கமீன் 1956-ல் ஒரு சந்தை விளையாட்டில் பரிசாகக் கிடைத்து, 1999 வரைக்கும், 43 வருஷம் வாழ்ந்தது. பராமரிப்பு இருந்தால் இந்த மீன் மனுஷனோடு சேர்ந்து கிழமாகும்.

லண்டன் மிருகக்காட்சி சாலையில் 1853-ல் பொதுஜனங்களுக்கு மீன் காட்சி சாலை திறந்தார்கள். நீர்ச்செடியும் மீனும் சேர்ந்து இருந்தால் ஒன்றுக்கு ஒன்று துணை என்ற அறிவு அப்போதுதான் பரவியது. நம்ம இந்தியாவிலும் கண்ணாடிக் குடுவையில் மீன் வைத்து விற்கக் கூடாது என்று 2017-ல் மத்திய அரசாங்கம் ஒரு விதி கொண்டுவந்தது. வியாபாரிகள் ஆட்சேபித்ததன் பேரில் அந்த விதிகள் பிறகு திரும்பப் பெறப்பட்டன. விதி போனாலும் தண்ணீரின் நியாயம் போகவில்லை. குடுவை வேண்டாம், அகலமான தொட்டியே வேணும்.

சென்னைக்கு வந்த வழி

இனி நம்ம பட்டணத்துக்கு வருவோம். ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை முதல் தேதி ஆற்காட்டுப் பக்கம் ஓடியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். துறைமுகமும் ரயிலும் பக்கத்து பக்கத்தில் இருந்ததால், வெளிநாட்டுச் சாமான்களும் புதுப்புது விஷயங்களும் முதலில் வந்து இறங்கினது வட சென்னையில்தான்.

1907-ல் சென்னை ராஜதானியில் மீன்துறை ஆரம்பமாயிற்று. அதை முன்னின்று நடத்தியவர் ஃபிரடெரிக் நிக்கல்சன். நீங்கள் கடன் வாங்குகிற கூட்டுறவுச் சங்கத்துக்கு அந்தக் காலத்திலேயே அறிக்கை எழுதி வழிகாட்டினாரே, அதே நிக்கல்சன்தான். 1909-ல் மெரீனா கடற்கரையில் மீன் காட்சி சாலை திறந்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் போட்ட திட்டம் அது. இந்தியாவிலேயே முதல் காட்சி சாலை அதுதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. 1916-ல் ஜாவாவிலிருந்து கௌராமி மீனைக் கொண்டுவந்து இங்கே வளர்த்தார்கள். வெளிநாட்டு மீனும் நம்ம தண்ணீரில் பழகும் என்று இதனால் தெரிந்தது.

சாதாரண ஜனங்கள் வண்ணமீனைப் பார்த்தது சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டில். 1900-ல் திறந்த அந்த மார்க்கெட்டில் பழைய புத்தகம், புறா, கிளி, மீன் எல்லாம் கிடைக்கும். 1985 மே மாதம் அது தீப்பற்றி எரிந்து போயிற்று. ஆனால் அதற்குள் மீன் வளர்க்கிற ஆசை வட சென்னை வீடுகளில் ஊறிவிட்டது. கொளத்தூர்ப் பக்கத்தில் கிணற்றில் நல்ல தண்ணீர், அருகில் ரெட்டேரி, வண்டியேறினால் சென்ட்ரல். கொல்லையில் சிமெண்ட் தொட்டி கட்டி, ஒருவர் முட்டை பொரிக்க, இன்னொருவர் குஞ்சு வளர்க்க, மூன்றாமவர் பாலிதீன் பையில் பிராணவாயு அடைத்து ரயிலில் அனுப்ப, ஒரு தொழிலே உருவாயிற்று. கவனியுங்கள், இங்கே மீன் குடுவையிலிருந்து மறுபடியும் குளத்துக்கு வந்துவிட்டது. அதனால்தான் தழைத்தது.

கொல்லையில் சின்னக் குளம்

ராயபுரம் மாதிரி இடத்தில் கொல்லை என்றால் பத்தடிதான் இருக்கும். அது போதும். ஆறடி நீளம், நாலடி அகலம், இரண்டரை அடி ஆழம் வெட்டினால் சுமார் 1,700 லிட்டர் பிடிக்கும். முப்பது மீனுக்கு மேலே விடாதீர்கள். ஆசையில் நூறு விட்டால் நூறும் நோயாளி ஆகும்.

புதுச் சிமெண்ட் தொட்டியில் சுண்ணாம்புக் காரம் இறங்கும். தண்ணீர் நிரப்பி இறைத்து, மறுபடி நிரப்பி, மூன்று வாரம் ஊறவிடணும். வாழை மட்டையைப் போட்டு ஊற வைக்கிற வழக்கமும் உண்டு. கடலோரக் கிணற்றில் உப்பு ஏறியிருக்கும், பரிசோதித்துப் பார்த்து உபயோகியுங்கள். குழாய்த் தண்ணீரானால் குளோரின் இருக்கும். திறந்த பாத்திரத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்த பிறகே ஊற்றணும்.

தங்கமீன் குளிர்ச்சி விரும்பி. 20 டிகிரி உஷ்ணத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு தாங்கும். 30 டிகிரியில் சுமார் ஏழரைதான். சித்திரை வெயிலில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது இதனால்தான். தொட்டியில் பாதிக்காவது கீற்றுப் பந்தல் போடுங்கள். பாதி வெயிலும் வேணும், நிறம் ஏறும். விடியற்காலையில் மீன் மூச்சுத் திணறினால், ராத்திரியில் பாசி பிராணவாயுவைக் குடித்துவிட்டது என்று அர்த்தம். ஒரு குடத்தில் தண்ணீர் மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றினாலும் அந்த நேரத்துக்குக் கைகொடுக்கும்.

இப்போது முக்கியமான சங்கதி. மாட்டுத் தொழுவத்தில் மூக்கைத் துளைக்கிற அமோனியா வாடை உங்களுக்குத் தெரியும். மீனும் செவுள் வழியாக அதே அமோனியாவை விடுகிறது. அது மீனுக்கு விஷம். ஆனால் வயலில் போட்ட உரத்தைப் பயிர் தின்கிற நைட்ரேட்டாக மாற்றுகிற அதே நுண்ணுயிர்கள், தொட்டிச் சுவரிலும் கல்லிலும் வழுவழுப்பாக ஒட்டி வளர்ந்து, அமோனியாவை மாற்றிக் கொடுக்கின்றன. அவை பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதனால் புதுத் தொட்டியில் முதலில் நாலைந்து மீன் மட்டும் விடுங்கள். தொட்டி பளபளக்கணும் என்று வாராவாரம் தேய்த்துக் கழுவுகிறவர் வீட்டில்தான் மீன் அதிகம் சாகும். தேய்க்காதீர்கள். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றுங்கள். எடுத்த தண்ணீரைக் கத்தரிக்கும் வாழைக்கும் விடுங்கள், உரம் கலந்த தண்ணீர். ஜப்பான் குடியானவர் செய்த அதே வேலை இதுதான்.

தங்கமீனுக்கு இரைப்பையே கிடையாது. குடல்தான். அதனால் தின்றுகொண்டே இருக்கும், பசிக்கிறது என்று அர்த்தமில்லை. காலை மாலை இரண்டு வேளை, இரண்டு மூன்று நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவு போடுங்கள். மிஞ்சினது அழுகி அமோனியா ஆகும். சாக்கடையோரத்தில் எடுக்கிற டியூபிஃபெக்ஸ் புழுவை நன்றாகக் கழுவாமல் போட்டால் நோயும் கூடவே வரும்.

புது மீன் வாங்கினால் நேரே குளத்தில் விடாதீர்கள். பையை அப்படியே தனித் தொட்டித் தண்ணீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு உஷ்ணம் சமமான பிறகு திறந்து, இரண்டு மூன்று வாரம் அங்கேயே வைத்திருங்கள். உடம்பில் ரவை தூவின மாதிரி வெள்ளைப்புள்ளி வந்தால், தனித் தொட்டியில் 100 லிட்டருக்கு 300 கிராம் கல்லுப்புக் கரைத்து விடுங்கள். நூல் மாதிரி புழு தொங்கினாலும், தட்டையான பேன் ஊர்ந்தாலும் அந்த மீனை உடனே பிரித்து வையுங்கள்.

பருவம் வந்த ஆண் மீனின் செவுள் மூடியில் வெள்ளைப் பரு தெரியும். பெட்டையைத் துரத்தும். ஆகாயத்தாமரை வேரைப் போட்டால் முட்டை அதில் ஒட்டும். உடனே வேரோடு எடுத்து வேறு தொட்டியில் வைத்துவிடணும். இல்லாவிட்டால் தாயே தின்றுவிடும். நம்ம ஊர் உஷ்ணத்தில் மூன்று நாள் அளவில் குஞ்சு பொரிக்கும்.

ஊருக்குச் செய்ய வேண்டிய கடமை

மீன் இல்லாத தொட்டியில் கொசு பெருகும். தங்கமீன் கொசுப்புழுவைத் தின்னும். இது ஊருக்கு லாபம். ஆனால் ஒன்று மட்டும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். வேண்டாம் என்று தோன்றினால் மீனை ஏரியிலோ வாய்க்காலிலோ விட்டுவிடாதீர்கள். டேங்க் கிளீனர் என்று கண்ணாடித் தொட்டிக்காக வந்த தென்னமெரிக்க மீன் இன்று சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் பெருகி, மீன்பிடிக்கிறவர் வலையைக் கிழித்துக்கொண்டு இருக்கிறது. புண்ணியம் என்று விட்டது பாவமாகப் போய்விட்டது.

வெள்ளத்தையும் மறக்கக் கூடாது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வட சென்னைத் தாழ்வான தெருக்களில் தண்ணீர் ஏறியது. 2023-ல் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. தொட்டி விளிம்பு தரையிலிருந்து ஒன்றரை அடியாவது உயர்ந்திருக்கணும். ஐப்பசி பிறக்குமுன் வலையை இறுக்கிக் கட்டுங்கள். உங்கள் மீன் ஏரிக்குப் போகாது, ஊர் அழுக்கும் உங்கள் மீனிடம் வராது.

கடைசியாக ஒரு வார்த்தை. கொளத்தூரைப் பார்த்துவிட்டு நாளைக்கே கடன் வாங்கிப் பத்துத் தொட்டி கட்டாதீர்கள். பத்து மீன் வைத்து ஒரு வருஷம் பழகுங்கள். கோடை, மழை, பனி மூன்றும் பார்த்து, மீன் சாகாமல் இருந்தால் பிறகு தொழிலைப் பற்றி யோசிக்கலாம். மாதவரத்தில் தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் வண்ணமீன் பூங்கா இருக்கிறது. அங்கே போய் நேரில் விசாரியுங்கள். ஆயிரம் வருஷமாக மனுஷன் இந்த மீனின் வாலை மாற்றினான், கண்ணை மாற்றினான், நிறத்தை மாற்றினான். அதற்கு வேண்டிய தண்ணீரை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை. நிலத்தைப் பார்த்துப் பயிர் வைக்கத் தெரிந்த உங்களுக்கு, தண்ணீரைப் பார்த்து மீன் விடுவது கஷ்டமான காரியம் இல்லை.